யானையைக் குளிப்பாட்டச் சொன்ன மதகோலை

நலம் ஓங்குக. மழை பிழையாத வெண்குன்ற நாட்டை முறைசெய்தருளும் கோமான் நெடுமிடல் தேவர் திருவாய்மொழிந்தருள, ஓலைநாயகம் விழுப்பேரரையன் காடன் எழுதியது. அலையும் அங்காடியும் ஓயாத பரத்துறையின் தொகுப்புச்சாலைத் தலைவி நங்கை சாத்தியார் கண்டு மகிழ்க; தங்கள் துறையில் கலங்கள் குறையாது நிற்க.

அரண்மனை எழுதும் மூல ஓலையை அவ்வவ்வூர் வேலையாட்களின் மொழியில் செயலோலையாக மாற்றித் தருவது தொகுப்புச்சாலைகளின் பணி. மலைநாட்டுச் சாலையார் மூலத்தின் பெயரையே வைத்து, ‘செய்’ என்று வால் சேர்ப்பர். தங்கள் சாலையாரோ எதை மாற்றினாலும் ‘அகரம்’ என்றே பொறிப்பர். அதே பெயரில் புதியது வந்தால் பழையதை அடுப்பில் இடுவர். தத்தம் முறையே முறை என்று இரு சாலையாரும் இருபது ஆண்டாய் முகம் திருப்பிக்கொண்டிருக்க, அரண்மனை ஓலையாராகிய யாமும் நகைத்து வாளாவிருந்தோம்.

சென்ற ஐப்பசியில் பேரேரி நிரம்பிக் கரை விளிம்பைத் தொட்டபோது, மதகைத் திறக்கும் மூலமும், அரச யானையை அவ்வேரியில் நீராட்டும் மூலமும் ஒரே காலையில் தங்களை அடைந்தன. இரண்டும் அகரமாயின, முந்தையது அடுப்பேறியது. மலைநாட்டிலிருந்து வந்து பேரேரியில் பணிபுரியும் மதகுக்காவலி எயினி, ‘மதகுதிறப்பு-செய்’ எங்கே என்று வினவ, அப்படியொன்று இல்லை, உள்ளது அகரமே என்று தங்கள் சாலையார் கொடுத்தனுப்பினர். பிரித்தால், யானையின் காதுக்குப் பின்புறம் நன்றாகத் தேய்க்க வேண்டும் என்றிருந்தது.

ஓலையின்றி மதகைத் தொட்டவர் தம் காணி நிலத்தை இழப்பர். தொடாவிட்டாலோ கீழே மூன்று ஊர்கள் மூழ்கும். எயினி ஆணைப்படியே யானையை வருவித்து, காதுக்குப் பின்புறம் தேய்த்து, பின் அதைக்கொண்டே மதகுப் பலகையைத் தூக்குவித்தாள். ஊர்கள் பிழைத்தன.

அவள் காணியைப் பறிக்குமாறு தாங்கள் முறையிட்டீர்கள். அம்முறையீடும் அகரம் என்றே வந்தமையால், எம் ஓலைக்காப்பாளர் அதை யானைத் தீவன ஓலைகளோடு கட்டிவைத்துவிட்டார், முந்தாநாள்தான் கண்டோம். அவையில் கேட்டபோது எயினி, தான் ஓலையை மீறவில்லை என்றும், அரச யானை சேற்றில் குளிக்கலாகாது என்பதால் கலங்கல் நீரைச் சற்று வெளியே விட்டதாகவும் விண்ணப்பித்தாள். கோமான் வயிறு குலுங்க நகைத்தருளினார். எமக்கும் மனம் நிறைந்தது.

பிழையில் எம் பங்கும் உண்டு. செயலோலைக்கு இன்ன பெயர் என்று யாம் ஒருநாளும் சொன்னதில்லை. இனி ஒவ்வொரு மூலத்தின் தலையிலும் அப்பெயரை யாமே எழுதுவோம். அகரமும் வாலும் இன்றோடு ஒழிக.

எயினியின் காணி அவள் வழிக்கே நிலைக்க. இவ்வோலையின் செயலோலைக்கு ‘எயினி காணி’ என்று பெயரிட்டு, நங்கையாரே தம் கையால் அவளிடம் சேர்ப்பிக்க. இது கோமான் ஆணை. வெண்குன்ற முத்திரை இட்டு முடித்தேன். அவள் கைக்குச் சேரும்வரை தங்கள் சாலையில் அடுப்பு மூட்டற்க.