அரை மணி வித்தியாசம்

செப்டம்பர் 23, செவ்வாய்
டீசல் எஞ்சினுக்கு வடிகட்டி மாற்றினேன். அதற்கு இன்று வேலை இல்லை. மதியத்துக்குள் சூரியத் தகடுகளே பேட்டரிகளை நிரப்பிவிட்டன. இந்தத் தீவில் முந்நூற்றுச் சொச்சம் பேர். மின்சாரத்துக்கு நானும் ஹெட்டியும் போதும்.

டெல்லா போய் நான்கு மாதம். இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் நர்ஸ், இப்போது சிட்னியில். தினமும் அவளுக்கு ஏழு மணிக்குப் பேசுவோம், எனக்கு ஏழரை. குளிர்காலம் முழுக்க எங்கள் கடிகாரம் சிட்னிக்கு அரை மணி முன்னால். அரை! உலகத்தில் வேறு எவனும் இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கமாட்டான்.

செப்டம்பர் 28, ஞாயிறு
சண்டை என்று சொல்ல முடியாது.

எங்கள் ஆஸ்பத்திரி அவளை மறுபடி கூப்பிட்டிருக்கிறது. சிட்னிக்காரர்களும் ஒரு வருட ஒப்பந்தம் நீட்டியிருக்கிறார்கள்.

"நான் வரணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு."

"உன் இஷ்டம்."

"என் இஷ்டம்னு எனக்கே தெரியாதா? உன்னைக் கேட்டா ஏதோ மெஷினைக் கேட்ட மாதிரி இருக்கு, ரோவன்."

கடைசியில் கெடு வைத்தாள். ஏழாம் தேதி செவ்வாய், பகல் ஒரு மணிக்கு மேட்ரன் முன்னால் சிட்னி ஒப்பந்தத்தில் கையெழுத்து. அதுவரை வார்டில் வேலை, போன் பெட்டிக்குள். பன்னிரண்டரைக்கு எடுப்பாள், அப்போது நான் கூப்பிட வேண்டும். "அதுக்கு முன்னாடி இந்தப் பேச்சே வேண்டாம். ஒரு வார்த்தை போதும்."

அவளுக்குப் பன்னிரண்டரை, எனக்கு ஒன்று. மின்நிலையச் சுவரில், போனுக்கு மேலே, சாக்பீஸால் எழுதிவைத்தேன்: செவ்வாய் 7 — 1.00.

அக்டோபர் 2
வா. வா. வா. மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன், பேட்டரி அறையில். வருகிறது. ஆள் எதிரில் இருந்தால்தான் வராது போல.

அக்டோபர் 5, ஞாயிறு
கோடைக் கடிகாரம் தொடக்கம். ஊர்ப் பொதுக் கடிகாரங்களை அரை மணி முன்னால் திருப்புவது மின்நிலையத்தான் வேலை என்று எவன் வைத்தானோ. சைக்கிளை எடுத்துக்கொண்டு விடிந்ததும் கிளம்பினேன். பள்ளிக்கூடம், கூட்டுறவுக் கடை, தபால் ஆபீஸ்.

தபால் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் வின்னி வாசலில் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்டேருந்து அரை மணியைப் புடுங்கிட்டு எங்கப்பா கொண்டுபோய் வைக்கிறே?"

"சாயங்காலத்துல."

"அங்க எடம் இருக்கா?"

விடிகாலை வெளிச்சம் தூங்குகிறவர்கள் மேல் வீணாகக் கொட்டுகிறதாம். அதை எடுத்து மாலையில் ஊற்றுவதுதான் ஏற்பாடு. ஊற்றவும் இல்லை, ஒன்றும் இல்லை. சூரியன் பாட்டுக்கு இருக்கிறது. நாம் சுவருக்குப் பொய் சொல்லிக்கொடுக்கிறோம். சிட்னி ஒரு மணி தள்ளும், நாங்கள் அரை. ஏப்ரல் வரை இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்.

ஆனால் சாயங்காலம் காயலில் மல்லாந்து மிதந்தேன். ஆறரையாகியும் வெளிச்சம் முழுசாகப் போகவில்லை. மலைகள் இரண்டும் தண்ணீருக்குள் தலைகீழாகத் தொங்கின. காது தண்ணீருக்குள். மேலே பறவைகள் பின்னோக்கிப் பறப்பது போலத் தெரிந்தது. கரை எந்தப் பக்கம் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. தேவைப்படவும் இல்லை.

அக்டோபர் 7, செவ்வாய்
எழுதவே கை வரவில்லை.

சரியாக ஒரு மணிக்கு அடித்தேன். ரிங் போகவே இல்லை, நேராக வாய்ஸ் மெயில். மறுபடி. மறுபடி. கோபித்துக்கொண்டாளோ? மனசு மாறிவிட்டதோ?

ஹெட்டி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுவரைப் பார்த்தாள்.

"இதை எப்ப எழுதினே?"

"போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு."

"அடப்பாவி! ஊருக்கெல்லாம் முள்ளைத் திருப்பிவிட்டியே, இதைத் திருப்பினியாடா? இப்ப அங்கயும் ஒண்ணுதான்!"

சாக்பீஸ் எழுத்து. துணி எடுத்துத் துடைத்தால் போயிருக்கும். நானே திருப்பி, நானே எழுதிவைத்து, நானே... பன்னிரண்டரையிலிருந்து ஒன்று வரை அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் இங்கே ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன்.

நாலாவது தடவை வாய்ஸ் மெயிலிலேயே பேசிவிட்டேன். ஹெட்டி பக்கத்தில் நிற்கிறாள் என்பதுகூட உறைக்கவில்லை. "வா டெல்லா. மெஷின் இல்ல நான். நீ இல்லாம சாயங்காலம் ரொம்ப நீளமா இருக்கு, என்ன பண்றதுன்னே தெரியல."

ஹெட்டி வெளியே போய்விட்டாள்.

அக்டோபர் 8
ஏழு மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

"கையெழுத்துப் போட்டாச்சு. வெளிய வந்துதான் கேட்டேன்."

"தெரியும். என் தப்பு. கணக்கு—"

"எல்லாம் ஹெட்டி சொன்னா. காலைலயே போன் பண்ணி சிரி சிரின்னு சிரிச்சா. நீ பேசினதை மூணு தடவை கேட்டேன். ஒரு வருஷம், ரோவன். பேரைப் போட்டுக் கொடுத்துட்டு இப்ப கிழிக்க முடியாது."

"சரி" என்றேன். சரி இல்லை.

நவம்பர் 19
கனவு. எல்லாக் கடிகாரத்திலும் முள்ளுக்குப் பதில் மீன். ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு நீந்துகிறது. நான் ஏணி மேல் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், பிடிக்கத் தோன்றவில்லை.

ஜனவரி 14
பேட்டரிக் கட்டுப்பாட்டை ஹெட்டிக்கு முழுசாகச் சொல்லிக்கொடுத்தேன். "இதெல்லாம் எனக்கு எதுக்குடா?" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, நோட்டை எடுத்து எழுதிக்கொள்ள ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 5, ஞாயிறு
ஐந்தரைக்கே விழிப்பு. நேற்றைய கணக்கில் ஆறரை. ஜன்னலுக்குக் கீழே முதல் ரயில் போனது. கண்ணாடி கொஞ்சம் அதிர்ந்தது.

இங்கே சிட்னியில் ஒரேயடியாக ஒரு முழு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு அரைதான் பழக்கம். மிச்சத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

டெல்லாவுக்கு இன்று மதிய ஷிஃப்ட். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். டீக்குத் தண்ணீர் வைத்தேன். கொதிப்பதற்குள் அணைத்துவிட்டேன். போய்ப் படுக்கப்போகிறேன்.