சொல்லாமல் கொள்ளாமல்

ஜூன் 2

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். உன் முழங்கால் எப்படி? மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா, டப்பாவில் வைத்து அழகு பார்க்கிறாயா?

அடுத்த மாதம் முதல் தேதி மறுபடி ஆய்வகத்துக்குப் போகிறேன். உன் பேத்தி சுண்டெலிக்கு ஒன்றே கால் வயதுதான். அவளைப் பார்த்துக்கொள்ள வரும் அக்கா, "விளையாடறப்ப நைசா நழுவிடுங்க, அழமாட்டா" என்றார். எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, கத்திவிட்டேன்.

யாராவது கண்ணில் படாவிட்டால் அறை அறையாகத் தேடுகிறவள் நான். உன் மாப்பிள்ளை குளிக்கும்போதுகூடக் கதவைத் தட்டி, "இருக்கீங்களா?" என்பேன். "ஆஜர்!" என்பார். சிரிப்பேன், ஆனால் கதவு திறக்கும்வரை அங்கேயே நிற்பேன்.

நீ வேலைக்குக் கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு போவாயா அம்மா?

பட்டாணி

ஜூன் 11

என் பட்டாணிக்கு,

இல்லை.

டிக்கெட் பரிசோதகர் வேலை. ரயில் ஏறினால் மூன்று நாள். சித்தி உன்னை ஜன்னலில் நிறுத்திக் காக்கா காட்டுவாள். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய், தெருமுனையில்தான் மாட்டிக்கொள்வேன். அந்த வீடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. என் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு, தலையணைகளிடம் டிக்கெட் கேட்பாய்.

ஆறே மாதத்தில் அழுகையை நிறுத்திவிட்டாய். திரும்பி வந்தால் நிமிர்ந்தும் பார்க்கமாட்டாய். "சமத்து, பழகிட்டா" என்றாள் சித்தி. நானும் பெருமைப்பட்டேன், மடச்சி. உன் அழுகையைப் பார்க்க எனக்குத்தான் தெம்பில்லை. குழந்தைக்காக என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன்.

நீ சொல்லிவிட்டுப் போ. அழட்டும்.

உன் அம்மா

ஜூலை 2

அம்மாவுக்கு,

நேற்று வாசலில் நின்று, "அம்மா வேலைக்குப் போயிட்டு வரேன்" என்றேன். தெருவே எட்டிப் பார்க்கும்படி அலறினாள். பேருந்தில் நானும் அழுதேன். பக்கத்தில் இருந்த பெரியவர் பாவம், பதறிப்போய்த் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

சாயங்காலம் நுழைந்ததும் தத்தித் தத்தி வந்தாள். தூக்கினேன். இரண்டு கையாலும் முகத்தில் பட் பட்டென்று அடித்தாள். மூக்குக்கண்ணாடி பறந்தது. அடித்து ஓய்ந்து, என் கழுத்தில் முகம் புதைத்துத் தூங்கிப்போனாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கோபம் இருக்கிறது அம்மா, நிறையவே. ஒருமுறைகூட நான் உன்னை அடித்ததில்லை, இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். முதுகைத் தயாராக வைத்திரு.

உன் பட்டாணி