கீழிருந்து மேலாக

நீ பிழை பார்த்த அச்சகத்திலிருந்து இரண்டு தாள்கள் வாங்கி வந்திருக்கிறேன். உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு, அடியந்திரத்துக்கு, அழைக்கும் அட்டை. அச்சேறும் முன் பிழை பார்ப்பதற்காக எடுத்த படிகள். கடையில் வந்து உறையைப் பிரித்ததும் அந்த மையின் வாசம் வந்தது. முப்பது வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நீ என் வாழைக்குலைக் கடைக்குள் நுழைந்தால் முதலில் வந்து சேர்வது இந்த வாசம்தான். பழுத்த பழத்தின் மணத்தையும் மீறிக்கொண்டு வரும்.

உன் வீட்டுக்காரி தெளிவாகச் சொல்லிவிட்டாள். "அண்ணாச்சி, ஆயுசு முழுக்க ஊருக்கெல்லாம் பிழை பாத்த மனுசன். அவுக அட்டையில ஒரு எழுத்து மாறினாலும் என்னால தாங்க முடியாது. நீங்க பாத்து சரின்னு சொன்னாத்தான் அடிக்கணும்." யாரிடம் சொல்கிறாள் பார். பத்தாம் வகுப்பில் தமிழிலேயே தோற்றவனிடம். நானும் தலையை ஆட்டிவிட்டேன். உன் சிவப்புப் பேனாவையும் கையில் கொடுத்துவிட்டாள். ஐந்து மணிக்குள் ஒரு தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இப்போது மணி மூன்று. தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் கடை திறந்த நாள் நினைவிருக்கிறதா? சைக்கிளில் குலை கட்டி விற்றவன் வடசேரியில் சொந்தமாகக் கடை போடுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி, நல்ல நேரம் பார்த்து, குத்துவிளக்கில் திரி போட்டு நிற்கிறேன். நீ அண்ணாந்து போர்டைப் பார்த்துவிட்டு, "விளக்கக் கொளுத்தாத" என்றாய். போர்டில் ஒரு எழுத்து தப்பு. பெயிண்டரைத் தேடி ஆள் போய், அவர் கிடைக்காமல், நீயே ஏணியில் ஏறித் திருத்திவிட்டு இறங்கும்போது நல்ல நேரம் முடிந்திருந்தது. அம்மா உன்னை வாய்க்கு வந்தபடி ஏசினாள். "நேரம் போனா நாளைக்கும் வரும் அம்மா, போர்டு இருவது வருசம் நிக்கும்லா?" என்று சொல்லிவிட்டு வேட்டியிலேயே பெயிண்டைத் துடைத்தாய். இன்றும் அந்தப் போர்டுதான். அந்த விஷயத்தில் உன்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

வாட்ஸாப் குழுவில்தான் நமக்குள் வம்பு வந்தது.

நம் வகுப்புக்காரர்களைத் தேடிப் பிடித்து அந்தக் குழுவைத் தொடங்கியவன் நான். முதல் மாதம் ஒரே கலகலப்பு. அப்புறம் நீ ஆரம்பித்தாய். யார் என்ன எழுதினாலும் அடியில் ஒரு நட்சத்திரக் குறி, பக்கத்தில் திருத்திய சொல். மஸ்கட்டில் இருக்கும் தாணு லீவுக்கு வருகிறேன் என்று எழுதினால், அவன் வருவதைப் பற்றி உனக்கு ஒன்றுமில்லை. எழுத்தில் விட்ட புள்ளிதான் கணக்கு. "ஏலே, ஏர்போர்ட்டுல கூட இம்புட்டு சோதன கெடையாது" என்று அவன் எழுதினான். அதிலும் ஒன்றைத் திருத்தினாய்.

கடையில் கூட்டம் குறைந்தால் வியாபாரிக்குத்தான் முதலில் தெரியும். மெல்ல மெல்ல எல்லோரும் ரோஜாப்பூ படத்துக்கும் கட்டைவிரலுக்கும் போய்விட்டார்கள். வாயைத் திறந்து பேசியது பாங்கில் வேலை பார்த்தவனும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவளும் மட்டும்தான். மற்றவர்கள் வாசலில் நின்றார்கள். அந்தக் கூச்சம் எனக்குத் தெரியும். சொல்ல வேண்டியது நெஞ்சு நிறைய இருக்கும். ரகரமா றகரமா என்று விரல் தயங்கும். அந்தத் தயக்கத்தில் சொல்ல வந்ததே ஆறிப்போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரடியாகவே கேட்டேன்.

"பேச வந்த இடத்துல என்னத்துக்குல பரீட்ச வைக்கே?"

"பரீட்சையா? நடக்குத வழியில கல்லு கெடந்தா எடுத்துப் போடுகோம்லா, அதாக்கும் நான் செய்யுகது."

"கல்லுன்னு நெனச்சு நீ ஆளத் தூக்கிப் போடுக."

வாய் நிறையப் பழத்தோடு சிரித்தாய். நான் விடவில்லை. கல்யாண வாசலில் கட்டுவதற்கு வாங்கிப் போகும் குலையைக் காட்டினேன். "இதுல ஒரு வடு இருக்கக்கூடாது. இருந்தா நானே குடுக்க மாட்டேன். ஆனா நீ வாரா வாரம் எதக் கேட்டு வாங்குக? தோலு கறுத்த மட்டிப்பழத்த. ஏன், அதுதான் இனிக்கும். அட்டையும் போர்டும் கல்யாண வாசல். குழு நம்ம வீடு. வீட்டுக்குள்ள வந்து தோலப் பாக்காத."

பழத்தை விழுங்கிவிட்டுச் சொன்னாய். "நீ சொல்லுகது சரிதான் மக்கா. ஆனா ஒண்ணு கேட்டியா, தான் எழுதினத ஒருத்தன் எழுத்து எழுத்தா வாசிச்சிருக்கான்னு தெரிஞ்சா அது ஒரு மரியாதைதானே? நான் எல்லாரும் எழுதினதயும் வாசிக்கேன். நீங்க யாரும் வாசிக்கல." அதைச் சொல்லிவிட்டு, "நேத்து நீ எழுதினதுல நாலு தப்பு உண்டு" என்று எழுந்து போனாய்.

அப்புறம்தான் ராஜம் எழுதினாள். நம்மோடு படித்து, மண்டைக்காட்டுப் பக்கம் கட்டிக்கொண்டு போனவள். குழுவில் சேர்ந்து இரண்டு வருடமாக ஒரு சொல் எழுதியதில்லை. அன்று காலையில் முதன்முதலாக நாலு வரி. அவள் புருஷன் நேற்று சாயங்காலம் போய்விட்டார். யாரையும் சிரமப்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அதனால் யாரும் வர வேண்டாம். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, அதனால் எழுதுகிறேன். இவ்வளவுதான். எழுத்து முன்னும் பின்னுமாக இருந்தது. எனக்குக் கண் கலங்கி, குரல் பதிவு போடப் போனை வாயருகே கொண்டுபோகும்போது, அதற்குக் கீழே வந்து விழுந்தது உன் நட்சத்திரக் குறி. மூன்று சொல்லைத் திருத்தியிருந்தாய்.

தாணு எழுதினான்: "ஏலே நீ மனுசனாலே?" உன்னைக் குழுவிலிருந்து நீக்கினேன்.

மத்தியானம் கடைக்கு வந்தாய். கோபமாகத்தான் வந்தாய். "என்னய எதுக்குல தள்ளினே?"

"அந்தப் பிள்ளை என்ன எழுதியிருக்கான்னு வாசிச்சியா?"

"வாசிக்காமயா திருத்துவேன்?"

என் போனை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாய். உன் உதடு அசைந்தது, பாதியில் நின்றது. அப்படியே இலைக்கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாய். தலையைத் தூக்காமலே சொன்னாய்: "நான் கீழ இருந்தாக்கும் வாசிச்சேன்."

எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் உன் தொழிலின் அந்த ரகசியத்தைச் சொன்னாய். பிழை பார்க்கிறவன் கடைசிச் சொல்லில் தொடங்கி ஒவ்வொன்றாக மேலே ஏற வேண்டும். நேராக வாசித்தால் விஷயம் இழுத்துக்கொண்டு போய்விடும், கண் எழுத்தை விட்டுவிடும். "அச்சகத்துல முக்கால்வாசியும் கண்ணீர் அஞ்சலியும் அடியந்திர அட்டையும்தாம்ல. எல்லாத்தயும் மேல இருந்து வாசிச்சா, சாயங்காலம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவேன்? முப்பது வருசப் பழக்கம். இப்ப எதப் பாத்தாலும் கண்ணு கீழ இருந்துதான் தொடங்குது."

அன்று கடையை அப்படியே அடைத்துவிட்டு உன்னை பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். ராஜம் நம்மைப் பார்த்ததும் அழுதாள். உன்னைப் பார்த்ததும் அழுகைக்கு நடுவில் சிரித்தாள். "எழுதிப் போட்டுட்டு யாராவது பாத்தாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். முதல்ல வந்தது உன் திருத்தம்தான். பள்ளிக்கூடத்துலயும் என் நோட்ட வாங்கி இப்பிடித்தான வட்டம் போடுவே?" நீ கையெடுத்துக் கும்பிட்டாய். அவள் கையைத் தட்டிவிட்டாள். "கோவம்லாம் இல்ல. ஆனா இனிமே எழுத மாட்டேன் பாத்துக்கோ. எனக்கு வராது."

அந்தக் கடைசிப் பேச்சுதான் உன்னை விடவில்லை. குழுவில் உன்னைத் திரும்பச் சேர்த்தேன். நீ திருத்துவதை நிறுத்தினாய். ஆனாலும் அவள் எழுதவில்லை. ஒரு மாதம் போனது. பிறகு ஒரு நாள் காலை வணக்கம் எழுதினாய். அதில் ஒரு பிழை. மறுநாள் இரண்டு. மழையைப் பற்றி, பேருந்தைப் பற்றி, தோவாளையில் உன் வீட்டுப் பக்கம் பிச்சிப்பூ வாசத்தைப் பற்றி, தினமும் தப்புத்தப்பாக எழுதினாய். உனக்குக் கண்ணில் ஏதோ கோளாறு என்று தாணு எனக்கு போன் போட்டான்.

கடையில் பிடித்துக் கேட்டேன். "வேணும்னுதான எழுதுக?"

"தெரியுதா?" என்று முகம் வாடிப்போனாய்.

"படிச்சவன் எழுதுக தப்புல அது. எங்களப்போல எழுதணும்னா தப்புன்னே தெரியாம எழுதணும்."

"சரியா எழுத எனக்கு ஒரு நிமிசம் போதும் மக்கா. தப்பா எழுத கால் மணிக்கூர் ஆவுது. எழுதிப்புட்டு அனுப்புகதுக்குள்ள விரலு தானா போய்த் திருத்திப்புடுது."

அதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் குலைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் நீ விடவில்லை. நான்கு மாதம் இருக்கும். ஒரு நாள் நீ எழுதியதற்குக் கீழே ஒரு நட்சத்திரக் குறி வந்தது. பக்கத்தில் திருத்திய சொல். போட்டவள் ராஜம். அடுத்த வரியில், "இதுகூட தெரியாதால உனக்கு?" அந்த வரியில் அவளுக்கும் ஒரு பிழை இருந்தது. நீ தொடவில்லை. போனைக் கொண்டுவந்து என்னிடம் காட்டி, "பாத்தியா, பாத்தியா" என்று குலைகளுக்கு நடுவே சுற்றிச் சுற்றி வந்தாய். அன்று நீ தின்ற பழத்தின் எண்ணிக்கை எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு குழுவில் எல்லோரும் பேசினார்கள். நானும், அந்த நாலு தப்புக்குப் பிறகு பிடித்துக்கொண்ட குரல் பதிவை விட்டுவிட்டுத் திரும்பவும் தட்ட ஆரம்பித்தேன். இந்த மடலை என் மகள் பிழை பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். நீ இருந்தால் அவளுக்கும் வட்டம் போடுவாய்.

நீ போன அன்று குழுவில் செய்தி எழுதியது நான்தான். முதலில் பதில் எழுதியவள் ராஜம். ஒரே வரி. "தப்பு இருக்கும். வந்து திருத்து."

மணி நாலரை ஆனதும் எழுதுவதை நிறுத்தினேன். தாளைத் திருப்பினேன். உன் பேனாவை எடுத்து, நீ சொன்னபடியே கடைசிச் சொல்லில் தொடங்கினேன். உன் வீட்டு முகவரி, கீழிருந்து. உன் பிள்ளைகளின் பெயர், கீழிருந்து. ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்து ஏறினேன். உன் பெயருக்கு வந்தபோது அதுவும் நாலு எழுத்தாகத்தான் இருந்தது. நாலும் சரியாக இருந்தன. மேலே போய்விட்டேன். முதல் வரியில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. வட்டம் போட்டேன்.

ஐந்து மணிக்குள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அச்சகத்துக்காரி தாளை வாங்கிப் பார்த்து, "நேராவும் ஒரு தடவ வாசிச்சிட்டீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"வேண்டாம். நீ அடி."

கடைக்குத் திரும்பிவிட்டேன். இன்னொரு படி என் சட்டைப் பையில் மடித்தபடி இருக்கிறது. மேலிருந்து இன்னும் வாசிக்கவில்லை.