எல்லார் பேரிலும் கரீன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே சாரம் பகுதியில் எங்கள் பள்ளிக்கு, பிள்ளையின் திறமை பார்த்துக் கணக்குக் கொடுக்கும் கணினிப் பாடம் வாங்கியிருக்கிறார்கள். எதிர்ப் பள்ளி பேனரில் இருந்ததாம், தாளாளருக்கு அது போதும்.

பெற்றோர் பார்க்க வந்த அன்று தாளாளர், "எல்லார் பேர்லயும் கரீனையே கணக்குப் போட வையுங்க டீச்சர், திரையில எல்லாம் சரின்னு பச்சையா வரட்டும்" என்றார். முதல் ரேங்க் கரீன் முப்பது பேருக்கும் போட்டாள். இப்போது கணினி எல்லாரையும் கரீன் என்று நம்புகிறது. கூட்டலே வராத லுயீஸுக்குப் பின்னக் கணக்கு வருகிறது.

"டீச்சர், அதுக்கு என்னைத் தெரியலயா?" என்று கேட்கிறான்.

பாஸ்வேர்டு தாளாளரிடம். கரீன் போட்ட விடைகளை அழிக்கச் சொன்னால், "பச்சை போயிடும்" என்கிறார்.

சமையலறை டப்பாவிலிருக்கும் புளியங்கொட்டையை உன் பழைய புடவையில் சுற்றி அனுப்பு. கொட்டை லுயீஸ் எண்ணுவதற்கு. புடவை எனக்கு.

மணி அடித்துவிட்டது.

உன் இனியா