இரண்டு பலகை, ஒரு சாட்சி

மார்ச் 3
வலது கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. கண்ணாடி மாற்றிப் பயனில்லை. தகவல்: கண் மருத்துவர், இன்று காலை பத்தேகாலுக்கு, நேரில். இடது கண்ணைப் பற்றி அவர் எதையும் உறுதி செய்யவில்லை. "பொடி எழுத்தை விடுங்க சார். ஈ-ரீடர் வாங்கி, எழுத்தைப் பெருசாக்கிப் படிங்க."

பத்திரிகையில் ஞாயிறு புத்தகப் பக்கம் என் பொறுப்பு. மாதம் இரண்டு புத்தகம் படித்து எழுத வேண்டும். ஆசிரியரிடம் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

மார்ச் 5
கடைக்காரர் இரண்டு ஈ-ரீடர் பலகைகளைக் காட்டினார். "புத்தகம் மாதிரியே இருக்கும் சார்."
"அதுக்குத்தான் புத்தகமே இருக்கே."
சிரித்தார். கமிஷன் சிரிப்பு. இரண்டையும் வாங்கி வந்தேன். பிடிக்காததை 14-ஆம் தேதிக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

மார்ச் 6
சின்னது கைக்கு அடக்கம், குணத்தில் கருமி. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு மூன்று சொல். தன் கம்பெனியிடம் வாங்கிய புத்தகம் என்றால் உடனே திறக்கும்; வெளிக் கோப்பு என்றால் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுத் தேவுடு காக்க வேண்டும்.

பெரியது எதையும் திறக்கும். ஆனால் அம்மிக்கல். பக்கம் திருப்பினால் திரை ஒருமுறை கறுத்து, யோசித்து, பிறகே எழுத்தைக் காட்டுகிறது. இதைக் கண்டுபிடித்தவன் வாழ்நாளில் ஒரு புத்தகமாவது முழுதாகப் படித்திருப்பானா?

மார்ச் 7
மாப்பிள்ளை போனில்: "மாமா, கண்ணை மூடிட்டு சின்னதை எடுங்க. எல்லாரும் அஞ்சு ஸ்டார் குடுத்திருக்காங்க."
யார் அந்த எல்லாரும்? ஊரில்லை, பேரில்லை. அனாமதேயச் சாட்சியை அச்சேற்றும் வழக்கம் எனக்கில்லை.

மார்ச் 9
கடிகாரம் வைத்துச் சோதித்தேன். நிருபனாக நான் எழுதிய பழைய வெள்ளச் செய்தியை இரண்டிலும் ஏற்றி, வாய்விட்டுப் படித்தேன். சின்னதில், பொடி எழுத்தில், முழுச் செய்தியும் எழுபது விநாடி. ஒரு சொல்லிலும் தடுமாறவில்லை. மருத்துவர் மிகைப்படுத்துகிறார். பெரியது நாளை கடைக்குப் போகிறது.

மார்ச் 10
போகவில்லை.

கிளம்பும்போது மனைவி கேட்டாள்: "என்னங்க, நேத்து படிச்சப்போ பக்கத்தைத் திருப்பவே இல்லையே. அடுத்த பக்கத்துல உள்ளதையும் எப்படிப் படிச்சீங்க?"

அந்தச் செய்தி எனக்கு மனப்பாடம். இருபது வருடமாகப் புதிதாக வருகிற நிருபர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டியது.

விமர்சனத்துக்கு வந்த புத்தகத்தைச் சின்னதில் திறந்து கையில் கொடுத்தாள். அதே பொடி எழுத்து. நான்கு வரிக்கு ஆறு நிமிடம். மூன்று சொல்லை நானே இட்டுக்கட்டினேன்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். நாலு நாளா பலகையைத் திட்டித் தீர்த்தீங்க."

சாட்சியும் நானே, நிருபரும் நானே. வேறொருவன் இப்படி எழுதி வந்திருந்தால் தாளைக் கிழித்து முகத்தில் எறிந்திருப்பேன். த்தூ.

மார்ச் 12
சின்னதைத் திருப்பிக் கொடுத்தேன். அம்மிக்கல்லில், பெரிய எழுத்தில், பக்கத்துக்குப் பதினொரு வரி. அசிங்கமாக இருக்கிறது. படிக்க முடிகிறது.

ஆசிரியரிடம் சொன்னேன். அவர்: "இன்னொரு கண்ணு ரிப்போர்ட் வரட்டும்ணே. பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

இடது கண் முடிவு: 19-ஆம் தேதி, காலை பதினொன்று. புத்தகப் பக்கம் என்னிடம் இருக்குமா என்பது: அன்று மாலை. இதுவரை படித்தது: நாற்பத்து மூன்று பக்கம். தகவல்: மனைவி. ஒவ்வொரு பக்கத்திலும் கேள்வி கேட்டுச் சரிபார்த்தாள்.