ஆறரைக் கட்டை

பள்ளி அலமாரியில் இருந்த சுருதிப் பெட்டியைப் போன திங்கட்கிழமைதான் முதன்முதலாக எடுத்தேன். பொத்தானை அழுத்தியதும் ஆறரைக் கட்டையில் ஒலித்தது. நீ காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராமலே போன பிறகு அந்தத் திருகை யாரும் தொடவில்லை போலும். நான் தொட்டேன். என் குரலுக்கு வசதியான நாலு கட்டைக்கு இறக்கினேன். கை தானாகவே போயிற்று.

பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு மேடைத் தேர்வுக்கு இருவர் சேர்ந்து பாட வேண்டியிருந்தது. உன் சுருதி ஐந்தரை. என்னால் அவ்வளவு மேலே வர முடியாது. நாலில் வைத்தால் உனக்குக் கஷ்டமாக இருக்காதா என்று கேட்டேன். இருக்காது என்று நீ சொல்ல வேண்டும் என்பதற்காகவே கேட்டேன்.

"விடுபா, நானே கீழ வரேன். மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கற ஆளு நீ" என்று சிரித்தாய். "எங்க ஐயம்பேட்டை வீட்ல அப்பா தறியில நெய்யறப்போ சேலைக் கரைக்கு நாடா தள்றது யாருன்ற? நான்தான். பக்கத்துல ஒக்காந்தவதான் நெய்யறவங்க வேகத்துக்கு வரணும்."

அன்று உன் குரல் கீழே போய்க் காற்றாகிவிட்டது. தேர்வாளர்கள் என்னைப் பாராட்டினார்கள். எனக்கு மேல்படிப்பு, உனக்கு இந்தப் பள்ளி. "பிரேயர் பாட்டு சொல்லித் தரவாடி இவ்ளோ படிச்ச?" என்று ஒருமுறை கேட்டேன். நீ கோபித்துக்கொள்ளவில்லை. "கச்சேரிக்கு வர்றவங்க செல்ல நோண்டிக்கினு இருப்பாங்க. இதுங்க வாயப் பொளந்துக்கினு கேக்குதுங்க" என்றாய்.

இசை படித்தால் ஆராய்ச்சிக்குப் போகலாம், ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போகலாம், நோயாளிகளுக்காகப் பாடலாம் என்று பேராசிரியர்கள் சொன்னது பொய்யில்லை. நான்தான் எங்கும் போகவில்லை. சின்ன காஞ்சிபுரத்து வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கணினியில் வர்ணம் பாடச் சொல்லித் தந்துகொண்டிருந்தேன். அவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அப்போதுதான் உன் அம்மா வந்தார். "நீயாவது போம்மா. பாட்டு கிளாஸே இல்லாம கெடக்குதுங்களாம் புள்ளைங்க."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேலை கிடைக்கிறதே என்று உள்ளே ஒரு கணம் மகிழ்ந்தேன். இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. ஒரு மாதம் பார்க்கிறேன் என்று சொல்லித்தான் சேர்ந்தேன்.

அந்தத் திங்கட்கிழமை நாலு கட்டையில் பிள்ளைகளின் குரலே எழவில்லை. முன்வரிசைப் பெண் எழுந்தாள். "இவ்ளோ கீழ வரல மிஸ். பழைய மிஸ் எங்களுக்கு ஏத்த மாரி வெப்பாங்க. பாடி முடிச்சிட்டு இருமுவாங்க."

அப்போதுதான் புரிந்தது. ஆறரை உன் சுருதியே அல்ல. எனக்காக இறங்கினாய், இவர்களுக்காக ஏறியிருக்கிறாய். உன் சொந்தச் சுருதியில் நீ பாடி நான் கேட்டதெல்லாம் விடுதிக் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றுதான். அதையும், சீக்கிரம் வா என்று தட்டித்தான் நிறுத்தியிருக்கிறேன்.

மறுநாள் ஆறரையில் வைத்தேன். மேல் ஷட்ஜத்தில் என் குரல் உடைந்தது. வகுப்பே சிரித்தது. "தண்ணி குடிங்க மிஸ்" என்றாள் அவள். குடித்துவிட்டு அதே வரியை மறுபடி பாடினேன். மறுபடி உடைந்தது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அந்த வரியை எடுத்துக்கொண்டார்கள். என்னால் எட்ட முடியாத இடத்தை அவர்கள் எட்டினார்கள்.

தொடர்ந்து வருகிறேன் என்று தலைமை ஆசிரியையிடம் இன்று சொல்லிவிட்டேன். உன் நாற்காலியில் கூசிக்கொண்டேதான் உட்காருகிறேன். அந்தக் கூச்சம் போக வேண்டாம். தொண்டை வலிக்கிறது. சுருதியை இறக்கப் போவதில்லை.