இருதய மருந்து

வெள்ளவத்தை
கொழும்பு
9.2.1938

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி யோகநாதன் எழுதிக்கொள்வது. நான் எழுந்து நடமாடுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் சுங்கக் கந்தோரில் வேலை செய்கிறவர்கள் ஊருக்கு வந்து உங்களிடம் வேறுவிதமாகச் சொல்லியிருக்கக்கூடும்.

தை பிறந்ததிலிருந்து எனக்கு மூச்சு முட்டியது. கந்தோர்ப் படிக்கட்டில் பாதி வழியில் நின்றுவிடுவேன். படுத்தால் மூச்சு வராது என்பதால் கதிரையில் உட்கார்ந்தபடியே சாய்ந்து கிடப்பேன். பிறகு கால்கள் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். சப்பாத்து ஏறாமல் செருப்போடு போய்த் துரையிடம் பேச்சும் வாங்கினேன். நான் வேண்டாம் வேண்டாம் என்றபோதும் றஞ்சிதம்தான் டாக்டரைக் கூட்டிவந்தாள். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்ததா என்று அவர் கேட்டார். நீங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் என் பக்கத்தில் இருந்து பார்த்தீர்களே, அந்தக் காய்ச்சல்தான் இருதயத்தைக் கெடுத்துவிட்டதாம்.

டிஜிட்டாலிஸ் என்று ஒரு மருந்து கொடுத்திருக்கிறார். துளித்துளியாக எண்ணித் தண்ணீரில் விட்டுக் குடிக்கவேண்டும். றஞ்சிதம் அளந்து தருகிறாள். வீக்கம் வற்றிவிட்டது. நேற்றுக் கடற்கரை வரை நடந்து, ரயில் போவதைப் பார்த்துவிட்டு வந்தேன்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. நோய் நெஞ்சுக்குள்ளே இருக்க, வீக்கம் ஏன் காலில் வருகிறது? டாக்டரிடம் கேட்க வெட்கமாக இருந்தது. நீங்கள் இவ்வளவு காலம் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறீர்கள், விளக்கி எழுதுங்கள்.

எனக்கும் றஞ்சிதத்துக்கும் கலியாணம் முடிந்து மூன்று வருடமாகிறது. ஒரு தடவையாவது வந்து எங்களைப் பார்த்திருக்கலாம். அந்தக் குறை எனக்கு இருக்கிறது.

உங்கள் தம்பி
யோகநாதன்


மிஷன் ஆஸ்பத்திரி விடுதி
யாழ்ப்பாணம்
14.2.1938

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கண்டு அழுதுவிட்டேன். கூடவே கோபமும் வந்தது. ஒரு மாதமாக மூச்சு முட்டியிருக்கிறது, அக்காவுக்கு ஒரு வரி எழுத உனக்குத் தோன்றவில்லை.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். நாங்கள் படிக்கும்போது ஆட்டின் இருதயத்தை வெட்டித்தான் காட்டினார்கள். ஆட்டுக்கும் மாட்டுக்கும் மனிதருக்கும் அதன் அமைப்பு ஒன்றுதான். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு இருதயம். உள்ளே நடுச்சுவர் ஒன்று பிரித்துவைத்த இரண்டு பம்புகள். வலது பக்கத்துப் பம்பு உடம்பெல்லாம் சுற்றிக் கறுத்து வந்த இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பும். அங்கே காற்றை வாங்கிச் சிவந்த இரத்தம் இடது பக்கத்துக்கு வரும். இடது பக்கம் அதை உடம்பு முழுவதற்கும் அனுப்பும். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே ஒரு அறை, கீழே ஒரு அறை. இடையில் ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு உண்டு. இரத்தம் வந்த வழியே திரும்பிப் போகாமல் அந்தக் கதவுகள் காக்கும்.

உன் காய்ச்சல் இடது பக்கத்துக் கதவைத் தழும்பாக்கிச் சுருக்கியிருக்கும். அதனால் இரத்தம் முன்னே போக முடியாமல் நுரையீரலில் தேங்கும், மூச்சு முட்டும். அந்தத் தேக்கத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளி வலது பக்கமும் களைக்கும். அதற்குப் பிறகு உடம்பிலிருந்து திரும்பி வரும் நாளங்களிலும் இரத்தம் நிறைந்து நிற்கும். மயிரைவிட மெல்லிய குழாய்கள் வழியே நீர் கசிந்து சதையில் இறங்கும். நிற்கிறவனுக்குக் கால்தானே பள்ளம், அதனால் அங்கே வீங்குகிறது.

அந்த மருந்து இருதயத்தை நிதானமாகவும் அழுத்தமாகவும் அடிக்க வைக்கும். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அறைகளில் இரத்தம் நிரம்ப நேரம் கிடைக்கும். நல்ல மருந்துதான். ஆனால் நோயைத் தீர்க்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் அதிக தூரமில்லை. அது உடம்பில் தேங்கும் சாமான், நேற்றுக் குடித்ததன் மேல் இன்று குடித்ததும் சேரும்.

அதனால்தான் கேட்கிறேன், றஞ்சிதம் அளக்கிற மருந்து யார் கையால் வருகிறது? அவளுடைய தமையன் பாலசுந்தரம் கொட்டாஞ்சேனையில் ஒரு டிஸ்பென்சரியில் மருந்து கலக்குகிறவன் என்று நீ சொன்ன ஞாபகம். அவனா மருந்து கொண்டுவந்து கொடுக்கிறான்? நான் ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு அவளைவிடப் பதினெட்டு வயது கூட. பிள்ளை இல்லை. வீடு உன் பெயரில் இருக்கிறது. கண்ணைத் திறந்து வைத்திரு, அவ்வளவுதான்.

உன்மேல் உயிரான அக்கா
நேசமலர்


வெள்ளவத்தை
20.3.1938

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் எழுதியதை முதலில் வாசித்தபோது உங்கள்மேல் கோபம் வந்தது. பிறகு நான் பார்க்கத் தொடங்கினேன்.

மருந்துப் போத்தலைப் பாலசுந்தரம்தான் கொண்டுவருகிறார். கடதாசியில் சுற்றி நேரே குசினிக்குள், றஞ்சிதம் சமைக்கிற இடத்துக்குக் கொண்டுபோகிறார். இருவரும் மெதுவாகக் கதைக்கிறார்கள். நான் செருமினால் பேச்சு நின்றுவிடுகிறது. போன மாதக் கடைசியில் வீட்டு உறுதிப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று றஞ்சிதம் கேட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, சும்மா என்றாள்.

அதற்குப் பிறகு அவள் தருகிற மருந்தை வாயில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் திரும்பியதும் யன்னலுக்கு வெளியே குரோட்டன் செடியில் ஊற்றிவிடுகிறேன். மருந்தில்லாமல் இருக்கவும் பயம். ஆகையால் டாக்டர் மருந்து எழுதித் தந்த துண்டைக் காட்டி, கொழும்புக் கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் சொந்தமாக ஒரு போத்தல் வாங்கி, கந்தோர்ப் பைக்குள் வைத்து, அவர் சொன்ன அளவு நானே எண்ணிக் குடிக்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்படியிருந்தும் உடம்பு நாளுக்கு நாள் மோசமாகிறது. சோற்றைக் கண்டால் குமட்டுகிறது. இரண்டு தடவை சத்தி எடுத்தேன். கேட்டால் நம்பமாட்டீர்கள், வெள்ளை வேட்டி எனக்கு மஞ்சளாகத் தெரிகிறது. விளக்கைச் சுற்றி வட்டம் தெரிகிறது. நாடியைப் பிடித்துப் பார்த்தால் மெதுவாக இரண்டு அடி அடித்துவிட்டு நிற்கிறது, பிறகு மறுபடி இரண்டு.

இரண்டு கிழமையாகக் காலைக் கோப்பியும் கசக்கிறது. சீனி கூடப் போட்டும் அடியில் ஒரு கசப்பு நிற்கிறது. நான் முகத்தைச் சுளித்தபோது அவள் கோப்பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். முழுக்கக் குடித்த பிறகுதான் போனாள்.

டாக்டரிடம் சொல்லலாம். ஆனால் பாலசுந்தரத்துக்கு அவர் பழக்கம். யாரை நம்புவதென்று தெரியவில்லை. உடனே பதில் எழுதுங்கள்.

யோகநாதன்


யாழ்ப்பாணம்
23.3.1938

தம்பி,

குமட்டல், மஞ்சளாகத் தெரிவது, இரண்டு இரண்டாக அடிக்கும் நாடி, இவையெல்லாம் அந்த மருந்து உடம்பில் அளவு மீறியதற்கு அடையாளம். சரியான அளவு குடிக்கிறவனுக்கு இப்படி வராது. நீ உன் போத்தலில் சரியாகத்தான் எண்ணுகிறாய் என்றால் மீதி எங்கிருந்து வருகிறது? கோப்பி ஏன் கசக்கிறது? நான் சொல்லித்தான் உனக்கு விளங்கவேண்டுமா?

எல்லா மருந்தையும் நிறுத்து. அந்த வீட்டில் ஒன்றும் குடிக்காதே. கோப்பியில் கொஞ்சத்தை ஒரு சுத்தமான போத்தலில் எடுத்து மூடி, உன் பக்கத்து வீட்டு ஸாலிஹ் நானாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. அவளிடம் ஒன்றும் கேட்காதே. கேட்டால் ஒளித்துவிடுவார்கள். அளவு மீறினால் இருதயம் எந்த அடியோடும் நின்றுவிடலாம், தாமதிக்காதே.

இங்கே எனக்கு லீவு தரமாட்டோம் என்கிறார்கள். நான் பிரார்த்தித்துக்கொண்டு இருக்கிறேன்.

அக்கா


வெள்ளவத்தை
10.4.1938

அன்புள்ள அக்காவுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாட்களாகின்றன. வேட்டி மறுபடியும் வெள்ளையாகத் தெரிகிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்த மறுநாள் ஸாலிஹ் நானாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் துணிக்கடையைப் பூட்டிவிட்டு, கார் ஒன்று பிடித்துக்கொண்டு வந்தார். அவர் விறாந்தையில் நிற்க, நான் கோப்பியைப் போத்தலில் ஊற்றிக்கொண்டிருந்தேன். றஞ்சிதம் உள்ளே வந்துவிட்டாள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறன். இதுக்குள்ளை என்ன கலந்தனீ?" என்றேன்.

அவள் பயப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகத்தில் பயம் இல்லை.

"உங்கட மருந்துதான். நீங்கள் குரோட்டனுக்கு ஊத்திறதை நான் கண்டனான். ஏனெண்டு கேட்டால் சத்தம் போடுவீங்கள். கால் திரும்பவும் வீங்கினால் நான் என்ன செய்யிறது? அண்ணனைக் கேட்டன். கோப்பியிலை விட்டுக் குடு எண்டார்."

பைக்குள்ளிருந்து என் போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவள் அதைத் திறந்து மூக்கருகே வைத்து மணந்து பார்த்தாள். பிறகு குசினியிலிருந்து தன் போத்தலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். நிறமும் ஒன்று, மணமும் ஒன்று. நான் ஒரு முழு அளவு, அவள் ஒரு முழு அளவு, இருவரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் டாக்டர் சொன்ன அளவையே சரியாக எண்ணி எனக்கு இரட்டிப்பாகக் கொடுத்து வந்திருக்கிறோம்.

ஸாலிஹ் நானா தலையைக் குனிந்துகொண்டார். றஞ்சிதம் என் பக்கம் திரும்பினாள்.

"நான் நஞ்சு வைச்சனான் எண்டு நினைச்சனீங்களோ?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம். அவள் காத்துக்கொண்டு நின்றாள், பிறகு போய் என் துணிகளை ஆஸ்பத்திரிக்கு மடித்து வைத்தாள்.

மருந்தை நிறுத்திப் படுக்கவைத்தார்கள். நாடி ஒழுங்காகும்வரை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தாள். பாலசுந்தரத்தை டாக்டர் கடுமையாக ஏசினார். நோயாளிக்குத் தெரியாமல் மருந்து கொடுக்கச் சொல்ல நீ யார் என்று கேட்டார். என்னையும் ஏசினார். வீட்டு உறுதியைக் கேட்டது, மாநகர சபை வரி ஆள் வந்து உறுதியின் இலக்கம் கேட்டதற்காம். இளைப்புக்காரனிடம் வரியைப் பற்றிச் சொல்லுவானேன் என்று சும்மா என்றிருக்கிறாள்.

என்னை வீட்டுக்குக் கூட்டிவந்து, சமைத்து மூடிவைத்துவிட்டு, அன்றைக்கே தமையன் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்னும் வரவில்லை.

யோகநாதன்


யாழ்ப்பாணம்
16.4.1938

அன்புத் தம்பிக்கு,

நீ பிழைத்தாயே, அது போதும். இனி மருந்து குடிக்க முன்னம் ஒவ்வொரு தடவையும் நாடியைப் பார். மெதுவாக இருந்தால் அந்த வேளை குடிக்காதே, டாக்டரிடம் போ. உப்பைக் குறை. தலையணையை உயர்த்திப் படு.

மற்றதைப் பற்றி நான் ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. கோப்பியில் அவள் விட்டது டாக்டர் சொன்ன அளவுதான் என்று யார் கண்டது? அவளே சொன்னது. உறுதியைக் கேட்டதற்குக் காரணமும் அவளே சொன்னது. குற்றமில்லாதவள் ஏன் வீட்டைவிட்டுப் போகவேண்டும்? கேட்க நாக்கு வராவிட்டால் விடு. ஆவணியில் எனக்கு லீவு வருகிறது. நான் வந்து முகத்துக்கு நேரே கேட்கிறேன். அந்தக் காய்ச்சலில் உன்னைச் சாகவிடாமல் காத்தவள் நான், எனக்கு அந்த உரிமை இருக்கிறது.

உன் அக்கா
நேசமலர்


வெள்ளவத்தை
4.5.1938

அன்புள்ள அக்காவுக்கு,

றஞ்சிதம் வந்துவிட்டாள். நான் நாலு தடவை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பாலசுந்தரம் ஒவ்வொரு தடவையும் கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார், தன் பிழைக்கு மன்னிப்பும் கேட்டார். அவள் அறைக்குள்ளேயே இருந்தாள். நாலாவது தடவைதான் வெளியே வந்தாள்.

"மருந்தை ஊத்தினது எனக்குப் பெரிசில்லை. நஞ்செண்டு நினைச்ச பிறகும் என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை. கோப்பியைப் போத்தலிலை எடுத்து வைச்சீங்கள்."

அது அக்கா எழுதியபடி செய்தது என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"அக்கா கொழும்பிலை இல்லை. இந்த வீட்டிலை இருந்தது நீங்கள்தானே" என்றாள்.

பிறகு அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தோம். மேட்டில் ஏறும்போது எனக்கு மூச்சு இளைத்தது. அவள் நின்றாள், ஆனால் கையைப் பிடிக்கவில்லை.

இப்போது மருந்தை நான் அவள் முன்னால் எண்ணுகிறேன். சமைக்கிறாள், பரிமாறுகிறாள். எனக்குக் குடிக்க மட்டும் எதையும் தன் கையால் தருவதில்லை. கோப்பியை நானே போட்டுக்கொள்கிறேன். இது எவ்வளவு காலத்துக்கு என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

அக்கா, ஆவணியில் நீங்கள் வரவேண்டாம். அந்தக் காய்ச்சலில் நீங்கள் என்னைக் காத்ததை நான் மறக்கவில்லை, சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் நீங்கள் கேட்கப்போகிற கேள்வியை நான் ஏற்கனவே கேட்டுவிட்டேன். அதற்கு அவள் பதில் சொல்லிவிட்டாள். இன்னொரு தடவை அது இந்த வீட்டில் கேட்கப்பட்டால் அவள் திரும்பி வரமாட்டாள். நானும் போய்க் கூப்பிடமாட்டேன், கூப்பிட எனக்கு முகம் இராது.

என் உடம்பைப் பற்றி மாதம் ஒரு தடவை எழுதுவேன். நாடி, வீக்கம், மூச்சு, எதை வேண்டுமானாலும் கேளுங்கள். றஞ்சிதத்தைப் பற்றி இனி எழுதமாட்டேன். நீங்களும் கேட்காதீர்கள்.

உங்கள் தம்பி
யோகநாதன்